கூரை வேய்ந்த கைகள்

(பொதுச் சொற்பொழிவு ஒன்றின் எழுத்து வடிவம்)



ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். ஈயம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பை எல்லோரும் அறிவோம். அது வெள்ளீயம். பழைய வீடுகளில் தண்ணீர்க் குழாய்க்குப் பயன்பட்டதும், தூண்டில் முள்ளுக்குக் கனமாகக் கட்டுவதும் காரீயம். இரண்டும் வெவ்வேறு உலோகங்கள். தமிழ் இரண்டுக்கும் ஒரே குடும்பப் பெயர் வைத்திருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து உருக்கினால் கிடைப்பது பற்றாசு. பிரிந்து கிடக்கும் உலோகத்தை ஒன்றோடொன்று பற்ற வைப்பது. நான் இன்று சொல்லப்போகும் கதை முழுவதும் இந்தக் காரீயத்துக்கும் பற்றாசுக்கும் நடுவே நடப்பது.

தேவாலயத்தில் வண்ணக் கண்ணாடிச் சாளரம் ஒன்றைப் பார்க்கும்போது நம் கண் முதலில் நிறத்துக்குப் போகிறது. பிறகு உருவத்துக்குப் போகிறது. அந்தக் கண்ணாடித் துண்டுகளை ஏந்திக்கொண்டிருக்கும் கறுப்புக் கோடுகளைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. அந்தக் கோடுகள் ஈயம். அந்த ஈயத்தை வளைக்கத் தெரிந்தவர் யார் என்று கேட்டால், விடை பல நேரங்களில் ஓவியர் அல்லர். கூரை வேலையும் குழாய் வேலையும் செய்த கட்டடத் தொழிலாளி. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா காலனியில் 1853-இல் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் தொடக்க ஆண்டுகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. அதன் பெயர் ஃபெர்குசன் அண்டு யூரி.

அது தொடங்கிய ஊரையும் ஆண்டையும் முதலில் கண்முன் நிறுத்திக்கொள்வோம்.

மெல்போர்ன் நகரம் நிற்கும் நிலம் வுருஞ்செரி மக்களின் நிலம். யாரா ஆற்றங்கரையில் வெள்ளையர் குடியேறத் தொடங்கியது 1835-இல். அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் தங்கள் சொந்த மண்ணிலேயே ஒதுக்கப்பட்டார்கள். காலனியின் கலையைப் பற்றிப் பேசும் எவரும் இதைச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. நான் இன்று பாராட்டிப் பேசப்போகும் கைத்திறன் அனைத்தும் அந்த இழப்பின் மீது எழுந்த நகரத்தில்தான் நடந்தது.

1851 ஜூலையில் விக்டோரியா தனிக் காலனி ஆயிற்று. அதே ஆண்டில் கிளூன்ஸ், பாலரட், பெண்டிகோ என்று ஒவ்வொரு இடமாகத் தங்கம் கிடைத்தது. 1851-இல் அந்தக் காலனியின் மக்கள்தொகை ஏறத்தாழ 77,000. பத்தே ஆண்டுகளில், 1861-இல், அது 5,40,000-ஐத் தொட்டது. ஏழு மடங்கு! இத்தனை பேருக்கும் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும். கூரைதான் இல்லை. யாரா ஆற்றின் தென்கரையில் கூடாரங்களே ஒரு ஊராக எழுந்தன. கான்வாஸ் டவுன் என்றே அதற்குப் பெயர். பிரிட்டனில் செய்து, பிரித்துக் கட்டி, கப்பலில் ஏற்றிய இரும்பு வீடுகள் துறைமுகத்தில் வந்து இறங்கின. உள்ளூரில் கட்டலாம் என்றால் ஆள் கிடைப்பதில்லை. கொத்தனாரும் தச்சரும் கருவிகளைப் போட்டுவிட்டுத் தங்கம் தேடப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் கேட்ட கூலி கிடைத்தது.

இந்த நேரத்தில்தான் ஸ்காட்லாந்திலிருந்து வந்த இருவர் 1853-இல் கூட்டுச் சேர்ந்து தொழில் தொடங்கினார்கள். ஒருவர் ஜேம்ஸ் ஃபெர்குசன், 1818-இல் பிறந்தவர். கூரைக்குச் சிலேட்டுக்கல் பதிப்பது அவர் தொழில். மற்றவர் ஜேம்ஸ் யூரி, பத்து வயது இளையவர். ஈயக் குழாய் வேலையும் கண்ணாடி பதிக்கும் வேலையும் அவருடையவை. பட்டறை நார்த் மெல்போர்னில், கர்சன் தெருவில். அந்தப் பகுதி பின்னால் சில காலம் ஹோதம் என்ற பெயரோடு தனி நகராட்சியாக இருந்து, 1887-இல் மீண்டும் பழைய பெயருக்கே திரும்பியது.

சிலேட்டு, குழாய், கண்ணாடி என்று மூன்று தொழிலை ஒரே கடை ஏன் செய்தது? இன்றைக்கு நமக்கு விந்தையாகத் தோன்றலாம். சிலேட்டுக் கூரையை நினைத்துப் பாருங்கள். மெல்லிய கல் தகடுகளை மீன் செதிள்போல ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஆணி அடித்துப் பதிக்கிறார்கள். சரிவான இடத்தில் மழை வழிந்து போய்விடும். ஆனால் இரண்டு சரிவுகள் சேரும் மடிப்பில் என்ன செய்வது? புகைபோக்கி கூரையைத் துளைத்துக்கொண்டு எழும் இடத்தில் என்ன செய்வது? அங்கெல்லாம் கல் பயன்படாது. காரீயத் தகட்டை மரச் சுத்தியால் தட்டித் தட்டி அந்த மடிப்புக்குள் உட்கார வைக்க வேண்டும். ஆகவே கூரை வேய்பவருக்கு ஈயம் தெரிந்தவர் துணை வேண்டும். ஈயம் தெரிந்தவரோ குழாயும் போடுவார், சன்னலும் பதிப்பார்; ஏனென்றால் சிறு சிறு கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டியில் கோத்துச் சன்னல் செய்வது ஐரோப்பாவில் பழைய வழக்கம். குழாய் வேலைக்காரரை ஆங்கிலத்தில் பிளம்பர் என்கிறோமே, அந்தச் சொல்லின் வேர் லத்தீனில் ஈயத்தைக் குறிக்கும் பிளம்பம். குழாய் பிறகு வந்தது, ஈயம்தான் முன்னது.

நகரம் வளர்ந்த வேகத்தில் இந்த மூன்று தொழிலுக்கும் வேலை கொட்டியது. 1853-இல் மெல்போர்ன் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1854-இல் பொது நூலகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1857-இல் தெருக்களில் எரிவாயு விளக்கு எரிந்தது. அதே ஆண்டின் கடைசி நாளில் யான் யீன் நீர்த்தேக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீர் நகரத்துக்குள் வந்தது. தெருவுக்குத் தண்ணீர் வந்தால் வீட்டுக்குள் குழாய் வேண்டும். வீட்டுக்குக் கூரை வேண்டும், சன்னல் வேண்டும்.

கட்டடத் தொழிலாளிகளின் நிலையும் அங்கே வேறாக இருந்தது. 1856 ஏப்ரல் 21 அன்று பல்கலைக்கழகக் கட்டுமானத்தில் இருந்த கல்தச்சர்கள் உளியைக் கீழே வைத்துவிட்டுத் தெருவில் அணிவகுத்து நடந்தார்கள். வழியில் இருந்த வேலையிடங்களிலிருந்தும் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, அப்போது எழுந்துகொண்டிருந்த நாடாளுமன்றக் கட்டடம் வரை போனார்கள். நாளுக்கு எட்டு மணி நேரம்தான் வேலை, கூலியில் குறைவு கூடாது என்பது கோரிக்கை. வென்றார்கள். உலக உழைப்பாளர் வரலாற்றில் இது மிக முந்திய வெற்றிகளில் ஒன்று. கட்டடத் தொழில் செய்பவன் தலைநிமிர்ந்து நடந்த ஊர் அது. தன் தொழிலை மதிக்கும் ஊரில்தான் தொழிலாளி அடுத்த படிக்கு ஆசைப்படுவான். கர்சன் தெருப் பட்டறை கூரையிலிருந்து கலைக்கு நகர்ந்ததை நான் அந்தச் சூழலோடு சேர்த்தே பார்க்கிறேன்.

இனி அந்த நகர்வுக்கு வருவோம். பிரிட்டனில் நடந்ததைக் கொஞ்சம் சொன்னால்தான் அது விளங்கும்.

வண்ணக் கண்ணாடி இடைக்கால ஐரோப்பாவின் பெருங்கலை. சமயச் சீர்திருத்தத்துக்குப் பிறகு அது தேய்ந்துபோயிற்று. ஸ்காட்லாந்தில் 1560-க்குப் பிறகு கோயிலில் உருவம் வைப்பதே தவறு என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காலம் திரும்பியது. பியூஜின் போன்ற கட்டடக்கலைஞர்கள் கோதிக் பாணியை மீண்டும் உயிர்ப்பித்தார்கள். 1845-இல் கண்ணாடி மீதான உற்பத்தி வரி நீங்கியது. 1851-இல் சன்னலுக்குச் சன்னல் விதித்த வரியும் நீங்கியது. சார்லஸ் வின்ஸ்டன் என்ற வழக்கறிஞர் பழைய கண்ணாடித் துண்டுகளை வேதியியல் முறையில் ஆராயச் செய்து, இடைக்காலக் கண்ணாடியின் ஆழ்ந்த நிறம் மீண்டும் கிடைக்க வழி செய்தார். ஊருக்கு ஊர் வண்ணக் கண்ணாடிப் பட்டறைகள் எழுந்தன. ஆனால் கிளாஸ்கோ பேராலயத்துக்கு 1850-களின் பிற்பாதியில் புதிய சாளரங்கள் வேண்டும் என்று முடிவானபோது, அந்த வேலை ஜெர்மனியின் மியூனிக் நகரப் பட்டறைக்குப் போனது. உள்ளூர்க் கைவினைஞர்களுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும்!

அந்தக் கிளாஸ்கோவில் தொழில் பழகியவர் ஜான் லாம் லயன். பிறகு லண்டனில் வார்டு அண்டு ஹியூஸ் என்ற புகழ்பெற்ற பட்டறையில் வேலை பார்த்தார். 1861-இல் மெல்போர்ன் வந்தார். ஃபெர்குசனோடும் யூரியோடும் சேர்ந்தார். பெயர்ப்பலகையில் மூன்று பெயர்கள் ஏறின: ஃபெர்குசன், யூரி அண்டு லயன். அதன்பின் டேவிட் ரெல்ஃப் டிரேப் என்ற ஓவியர் வந்து சேர்ந்தார். 1882-இல் இறக்கும் வரை அந்தப் பட்டறையின் உருவங்கள் பலவற்றில் அவர் கை இருந்தது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். வந்தவர் ஓவியர், ஆனால் அவர் வருவதற்கு முன்பே பட்டறை இருந்தது. கண்ணாடி வெட்டும் மேசை இருந்தது, ஈயம் இருந்தது, பற்றாசு உருக்கும் அடுப்பு இருந்தது, சாரம் கட்டி உயரத்தில் ஏறி வேலை செய்யத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள், கட்டடம் கட்டுபவர்களோடு எட்டாண்டுப் பழக்கம் இருந்தது. ஓவியம் மட்டும் இல்லை. அதைக் கொண்டுவந்தவர் லயன். வெறும் ஓவியத்தோடு ஒருவர் அந்தக் காலனியில் கப்பல் இறங்கியிருந்தால், அவர் வரைந்த தாள் தாளாகவே இருந்திருக்கும்.

ஒரு சாளரம் எப்படி உருவாகிறது என்று வரிசையாகச் சொல்கிறேன். எந்த இடத்தில் யாருடைய கை வேலை செய்கிறது என்று பாருங்கள்.

முதலில் சிறிய மாதிரிப்படம். வேலை கொடுப்பவர் அதைப் பார்த்துச் சம்மதித்ததும், சாளரத்தின் முழு அளவுக்கு ஒரு பெரிய தாளில் வரைகிறார்கள். அந்தத் தாளிலேயே ஈயக்கோடு எங்கெங்கே போகும் என்று குறித்துவிட வேண்டும். கண்ணாடியை நினைத்தபடி வளைத்து வெட்ட முடியாது. கூரிய உள்வளைவில் அது விரிசல் விடும். கை எங்கே முடிகிறது, ஆடை எங்கே தொடங்குகிறது என்று ஓவியர் யோசிக்கும்போதே, இந்தத் துண்டு வெட்ட வருமா, இந்த மூட்டு தாங்குமா என்றும் யோசித்தாக வேண்டும்.

அடுத்து கண்ணாடித் தேர்வு. நிறம் மேலே பூசியது அன்று. உருகிய கண்ணாடிக்குள்ளேயே உலோகத்தைக் கலந்து உண்டாக்கியது. கோபால்ட் சேர்த்தால் நீலம். மாங்கனீசு சேர்த்தால் ஊதா. இரும்பு பச்சை தரும். செம்பு, தங்கம் இரண்டும் சிவப்புத் தரும். செம்பில் பிறக்கும் மாணிக்கச் சிவப்பு அடர்ந்தது. தகடு முழுவதும் அதுவாக இருந்தால் ஒளி ஊடுருவாது, கறுப்பாகத் தெரியும். அதனால் நிறமற்ற கண்ணாடியின் மேல் மெல்லிய தோலாக மட்டும் அந்தச் சிவப்பைப் படர விடுவார்கள். மஞ்சளின் கதை வேறு. வெள்ளி உப்பை மேலே தடவிச் சூளையில் வைத்தால் கண்ணாடியின் மேற்பரப்பு பொன்னிறமாக மாறும். இந்தத் தகடுகள் காலனியில் செய்யப்படவில்லை. கடல் தாண்டி மூன்று மாதக் கப்பல் பயணத்தில் பெட்டிகளில் வந்தன.

பிறகு வெட்டு. வைரமுனையால் கீறி, தட்டி உடைத்து, விளிம்பைக் குறட்டால் கடித்துக் கடித்துச் சரிசெய்தார்கள். பின்னர் ஓவியம். இரும்பு ஆக்சைடும் தூளாக்கிய கண்ணாடியும் கலந்த பழுப்புச் சாயத்தைக் கருவேலப் பிசின் போன்ற பிசினில் குழைத்து, முகத்தின் கோடுகளையும் ஆடையின் மடிப்பையும் வரைகிறார்கள். அதைச் சூளையில் ஏறத்தாழ 600 டிகிரிக்கு மேல் சுட்டால் சாயம் கண்ணாடியோடு கலந்துவிடும். நூறாண்டு மழைக்கும் அழியாது. சூடு குறைந்தால் சில ஆண்டுகளில் முகமே உரிந்து போய்விடும். சூளை பார்ப்பவர் கண் அளவில் இருக்கிறது எல்லாம்.

இதற்கடுத்துத்தான் ஈயம். உருக்கி வார்த்த ஈயக் கம்பியைப் பற்சக்கரங்களுக்கு நடுவே செலுத்தி, இருபுறமும் பள்ளம் உள்ள நீண்ட பட்டியாக இழுக்கிறார்கள். அந்தப் பள்ளங்களில் ஒருபுறம் ஒரு துண்டு, மறுபுறம் அடுத்த துண்டு. மேசையில் மூலையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கோத்து, அசையாமல் இருக்கச் சுற்றிலும் ஆணி நிறுத்தி, ஒவ்வொரு மூட்டையும் பற்றாசு வைத்து இணைக்கிறார்கள். புரட்டிப் போட்டு மறுபக்கமும் அப்படியே. கடைசியில் ஆளிவிதை எண்ணெயும் சுண்ணப் பொடியும் குழைத்த பசையை ஈயத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் தேய்த்து நிரப்புகிறார்கள். எதற்கு? மழை உள்ளே வராமல் இருக்க!

கடைசிப் படியில் நாம் மீண்டும் கூரைக்கே வந்து சேர்ந்துவிட்டோம் என்பதைக் கவனித்தீர்களா? சாளரம் ஓவியமாக இருப்பதற்கு முன்னால் சுவராக இருக்க வேண்டும். காற்று அதை உள்ளே தள்ளும். வெயில் ஈயத்தை நீட்டும், குளிர் சுருக்கும். ஈயம் தன் கனத்தாலேயே மெல்ல மெல்லக் கீழே இறங்கும் உலோகம். அதனால் குறுக்கே இரும்புக் கம்பி கொடுத்து, செம்புக் கம்பியால் அதோடு கட்டுகிறார்கள். எவ்வளவு அகலத்துக்கு ஒரு கம்பி, எந்தப் பக்கம் மழை அடிக்கும் என்பதெல்லாம் கூரைமேல் ஏறி நனைந்தவனுக்குத் தெரிந்த பாடம். கூரை வேய்ந்த கைகள்தான் இந்தச் சாளரங்களை நூற்றைம்பது ஆண்டு நிற்க வைத்தன என்று நான் சொல்வது உயர்வு நவிற்சி இல்லை.

பட்டறை இருந்தால் மட்டும் போதுமா? வாங்குபவர் வேண்டும். விக்டோரியாவில் அதற்கும் காலம் கனிந்திருந்தது. காலனியின் அரசியலமைப்பு கிறித்தவச் சபைகளுக்கு ஆண்டுக்கு 50,000 பவுண்டு ஒதுக்கியிருந்தது. அதை நிறுத்தச் சட்டம் வரும்வரை அந்தப் பணம் ஊருக்கு ஊர் தேவாலயங்களாக எழுந்தது. ஆங்கிலிக்கர், பிரஸ்பிட்டேரியர், மெதடிஸ்டுகள், கத்தோலிக்கர் என்று ஒவ்வொரு சபையும் நிலம் வாங்கி, உள்ளூரில் வெட்டிய கருநீலப் பாறையால் சுவர் எழுப்பியது. கூரைக்குச் சிலேட்டு, சாளரத்துக்குக் கண்ணாடி. இரண்டையும் ஒரே இடத்தில் கேட்கலாம் என்றால் கட்டடக் குழுவுக்கு எவ்வளவு எளிது!

லண்டனிலிருந்து சாளரம் வரவழைத்தவர்களும் உண்டு. ஆனால் அளவு எழுதி அனுப்பி, விடை வந்து, பெட்டி கப்பல் ஏறி வந்து சேர ஓராண்டு ஓடிவிடும். அளவு ஓரங்குலம் பிசகினால் கல்லைச் செதுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓவியத்தை வெட்ட வேண்டும். உடைந்த துண்டுக்கு அதே நிறத்தில் மாற்று கிடைக்காது. கர்சன் தெருக்காரர்களோ நேரில் வந்து அளவெடுப்பார்கள், தாங்களே கொண்டுவந்து பதிப்பார்கள், புயலில் ஒரு துண்டு உடைந்தால் மறுவாரம் வந்து மாற்றுவார்கள். உள்ளூர்க் கைவினைஞனின் பலம் என்றைக்கும் இதுதான்.

அவர்களுடைய தொடக்க கால வேலைகளைப் பார்த்தால் ஒரு தனி முகம் தெரிகிறது. பல சாளரங்களில் மனித உருவமே இல்லை. நறுக்கான சாய்சதுரத் துண்டுகளில் இலையும் பூவும் திரும்பத் திரும்ப வரும். நடுவே விவிலிய வாசகம் எழுதிய பட்டை. உருவத்துக்குத் தயங்கிய ஸ்காட்லாந்துச் சபைகளுக்கு அது உகந்தது. கையில் பணம் குறைந்த சிற்றூர்ச் சபைகளுக்கும் அதுவே கட்டுபடியாயிற்று. அந்தச் சாளரங்களின் கரையைத்தான் நான் மிகவும் விரும்புகிறேன். சிவப்பும் நீலமும் மஞ்சளும் மாறி மாறி, சில இடங்களில் முறுக்கிய கயிறுபோலச் சுற்றி வரும் கரை. புடவையைக் கரை பார்த்துச் சொல்லிவிடும் நம் வீட்டுப் பெண்களைப்போல, அந்தக் கரையை வைத்தே இது கர்சன் தெரு வேலை என்று அறிந்தவர்கள் சொல்லிவிடுகிறார்கள்.

நினைவுச் சாளரங்கள் பெருகியதற்கு ஆழமான காரணம் ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. குடியேறியவர்களின் முன்னோர் கல்லறைகள் பத்தாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தன. மகனையோ மனைவியையோ புது மண்ணில் இழந்தவர்கள் அந்தப் பெயரை எங்காவது ஊன்றிவைக்க நினைத்தார்கள். சாளரத்தின் அடியில் ஒரு பெயர், ஓர் ஆண்டு. ஞாயிறுதோறும் வெயில் அந்தப் பெயரைத் தொட்டுவிட்டு வரும். துக்கத்துக்கு ஒளியால் வடிவம் கொடுக்கும் வேலையை ஒரு குழாய்ப் பட்டறை செய்துகொடுத்தது.

தேவாலயத்தோடு நிற்கவும் இல்லை. 1862-இல் நாடகத் தொழிலதிபர் ஜார்ஜ் காப்பின் பர்க் தெருவில் திறந்த அப்போலோ இசை மண்டபத்துக்காக இவர்கள் செய்தது ஷேக்ஸ்பியர் சாளரம். நடுவே கவிஞர் நிற்கிறார். லயன் வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அதற்குள் கோயில் சாராத பொது மண்டபத்துக்கு ஒரு கவிஞனின் உருவத்தைக் கண்ணாடியில் தீட்டும் துணிவு வந்துவிட்டது. அந்தச் சாளரம் இன்று விக்டோரியா மாநில நூலகத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. ஒரு நாடகக் கலைஞனின் உருவம் கடைசியில் நூலகத்தில் வந்து நிற்பது எத்தனை பொருத்தம்!

தங்கத்தாலும் கம்பளியாலும் செல்வம் சேர்த்தவர்கள் மாளிகை கட்டத் தொடங்கியபோது அங்கேயும் இவர்களுடைய கண்ணாடி போனது. நம்மில் கிரிக்கெட் பார்ப்பவர்கள் ஒரு மாளிகையைப் பெயர் தெரியாமலே அறிந்திருப்பீர்கள். மெல்போர்னுக்கு வடமேற்கே சன்பரியில் வில்லியம் கிளார்க் 1874-க்கும் 1876-க்கும் இடையில் கட்டிய ரூபர்ட்ஸ்வுட். 1882 கிறிஸ்துமஸ் நாட்களில் இங்கிலாந்து அணித்தலைவர் ஐவோ பிளை தன் குழுவோடு விருந்தினராகத் தங்கிய வீடு அது. ஆஷஸ் என்று உலகம் சொல்லும் அந்தச் சிறு சுடுமண் கலத்தின் கதை அந்த வீட்டில்தான் தொடங்குகிறது. வேட்டையும் மீன்பிடியும் தீட்டிய அதன் சாளரங்கள் ஃபெர்குசன் அண்டு யூரியின் வேலை. ஆஷஸ் பற்றி எழுதியவர்கள் பலர். அந்த விருந்தில் பகலெல்லாம் வெளிச்சம் எந்தக் கண்ணாடி வழியாக விழுந்தது என்று எழுதியவர் குறைவு.

1873-இல் லயன் பிரிந்தார். சண்டை, மனத்தாங்கல் என்று கதை கட்ட எனக்கு விருப்பமில்லை. கற்றவன் தன் சொந்தக் கொடியை நட விரும்புவது இயல்பு. சிட்னிக்குப் போய், கிளாஸ்கோக்காரரான டேனியல் காட்டியரோடு சேர்ந்து லயன், காட்டியர் அண்டு கோ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். காட்டியர் ஏற்கெனவே லண்டனில் தொழில் நடத்தியவர். அதே ஆண்டில் நியூயார்க்கிலும் கிளை திறந்தார். கூரை வேலைக்கென்று தொடங்கிய ஒரு தெருப் பட்டறை, மூன்று கண்டங்களில் இயங்கிய ஓர் அலங்காரக் கலை நிறுவனத்தின் கூட்டாளியைத் தன் மேசையில் வளர்த்து அனுப்பியிருக்கிறது.

அவர் போன பிறகும் கர்சன் தெரு நிற்கவில்லை. ஃபெர்குசன் அண்டு யூரி என்ற பழைய பெயரோடு விக்டோரியாவின் ஊர்களுக்கும், தாஸ்மேனியாவுக்கும், நியூசிலாந்துக்கும் சாளரங்கள் போய்க்கொண்டிருந்தன. யூரி 1890-இல் இறந்தார். நில விலைப் பேராசை வெடித்து, 1893-இல் வங்கிகள் வரிசையாகக் கதவடைத்தபோது, கட்டடத் தொழில் படுத்துவிட்டது. 1894-இல் ஃபெர்குசனும் இறந்தார். 1899-இல் நிறுவனம் மூடப்பட்டது. அதற்குள் வில்லியம் மான்ட்கோமரி போன்ற புதிய கலைஞர்கள் மெல்போர்ன் வந்து புதிய பாணியைத் தொடங்கியிருந்தார்கள். பழைய பட்டறையின் முறுக்குக் கரை கண்ணுக்குப் பழசாகிவிட்டது.

கடைசியில் நான் வருத்தத்தோடு சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஆங்காங்கே சில சாளரங்களின் ஓரத்தில்தான் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. பெரும்பாலானவற்றில் எந்தப் பெயரும் இல்லை. ஆராய்ச்சியாளர்கள் பழைய செய்தித்தாள்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, தேவாலயத் திறப்புவிழாச் செய்தியில் ஒரு வரியைத் தேடிப்பிடித்து, கரையின் வடிவத்தை ஒப்பிட்டு, இது இவர்கள் செய்தது என்று ஒவ்வொன்றாக மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். பங்குதாரர் பெயராவது கிடைக்கிறது. சூளை பார்த்தவர், ஈயம் இழுத்தவர், சாரத்தில் ஏறிப் பதித்தவர் என்று அந்தப் பட்டறையில் உழைத்தவர்கள் எத்தனை பேர்! தானம் கொடுத்தவர் பெயர் கண்ணாடியிலேயே எழுதியிருக்கிறது. அதைச் செய்தவர் பெயர் இல்லை. ஃபெர்குசனுக்கும் யூரிக்கும் நாம் செய்யும் மரியாதை அந்தப் பெயரற்றவர்களுக்கும் சேர வேண்டும்.

அந்தச் சாளரங்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் முதலில் சோர்வது கண்ணாடி இல்லை, ஈயம்தான். வெயிலிலும் குளிரிலும் நீண்டு சுருங்கி அதில் வெடிப்பு விழுகிறது. பற்றாசு மூட்டு விட்டுப்போகிறது. சாளரம் வயிறு தள்ளினாற்போல் வெளியே புடைக்கிறது. அப்போது என்ன செய்கிறார்கள் தெரியுமா? முழுச் சாளரத்தையும் கழற்றி, மேசையில் கிடத்தி, தாளில் தடவிப் படியெடுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் எண் கொடுத்து, பழைய ஈயத்தை உரித்து எடுக்கிறார்கள். கண்ணாடியைக் கழுவுகிறார்கள். புது ஈயத்தில் அதே வரிசையில் மறுபடி கோக்கிறார்கள். ஓவியர் போய் நூற்றைம்பது ஆண்டு ஆனாலும் அவர் கோடு அப்படியே இருக்கிறது. ஈயம் மட்டும் புதிது. ஆகவே அந்தக் கலை பிழைத்திருப்பதற்கு இன்றைக்கும் தேவைப்படுபவர் யார்? ஈயத்தை இழுக்கவும், மூட்டைப் பற்ற வைக்கவும், மழை புகாமல் அடைக்கவும் தெரிந்த ஒரு கைவினைஞர். 1853-இல் யூரி செய்த அதே வேலை.

அந்தக் கை மறைந்தால் சாளரமும் மறையும். இளைஞர்களே, உங்களில் யாருக்காவது உலோகத்தோடும் கண்ணாடியோடும் கல்லோடும் வேலை செய்யும் ஆசை இருந்தால், அதைக் குறைந்த படிப்பு என்று யாரும் சொல்ல விடாதீர்கள். உங்கள் பிள்ளைக்கு அந்த ஆசை இருந்தால், பெரியோர்களே, தடுக்காதீர்கள். உங்கள் வீட்டுக் கூரையை ஒழுகாமல் அடைத்தவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் கூலித் தொகையோடு அந்தப் பெயரையும் எழுதி வையுங்கள். கர்சன் தெருவில் யாரோ ஒருவர் அப்படி எழுதி வைத்திருந்தால், இன்று இந்த மேடையில் நான் இன்னும் பல பெயர்களை உங்கள் முன் சொல்லியிருப்பேன்.